கட்டளையில் எழுதிய சனிக்கிழமை

"இப்போதைக்கு ஐயாயிரம் அனுப்புங்கோ, பிறகு பாப்பம்." என்னை விவாகரத்துச் செய்த, மகனின் அம்மா 2020 ஏப்ரலில் வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது. கீழே ஒரு கும்பிடு போடும் கைப்படமும் இருந்தது. அந்தச் செய்தியை நம்பி, நீதிமன்றக் கட்டளைப்படி பிள்ளைக்கு மாதம் கட்ட வேண்டிய 12,000க்குப் பதில் பதினெட்டு மாதம் ஐயாயிரமாக அனுப்பினேன். கடைசியில் என் பெயரில் பிடியாணை வந்தது. அவர் சொன்னது பொய்யில்லை, நான் ஏமாற்றவும் இல்லை. ஆனாலும் பிடியாணை வந்தது. அது எப்படி என்று சொன்னால், என்னைப் போல் நிற்கிற யாருக்காவது உதவும்.

என் தொழில் லைற், சவுண்ட்ஸ் வாடகைக்கு விடுவது. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, சில நேரம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. எங்களுக்கு விவாகரத்து முழுமையானது 2018இல், மாவட்ட நீதிமன்றத்தில். மகனுக்கு அப்போது நாலு வயது. பிள்ளை அம்மாவோடு, நான் ஒவ்வொரு மாதமும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலை ஒன்பது மணி தொடக்கம் பின்னேரம் ஐந்து மணி வரை கூட்டிச் செல்லலாம் என்று கட்டளை. தாபரிப்பு, அதாவது பிள்ளையின் செலவுக்கு மாதக் காசு கட்டுவது பற்றிய வழக்கு அதற்கு முந்தியே, நாங்கள் பிரிந்திருந்த காலத்தில், நீதவான் நீதிமன்றத்தில் நடந்து முடிந்திருந்தது. மாதம் 12,000 ரூபா.

இரண்டு நீதிமன்றம், இரண்டு வழக்கு இலக்கம், இரண்டு கட்டளை. எனக்கு இது விளங்க மூன்று வருடம் போனது. காசு ஒரு கோப்பில், பிள்ளை இன்னொரு கோப்பில். ஒன்றில் நடப்பதை மற்றதில் கொண்டுபோய் நியாயம் கேட்க முடியாது.

2020 மார்ச் 20ஆம் திகதி இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டார்கள். சித்திரை, வைகாசி எங்கள் தொழிலுக்கு அறுவடைக் காலம். கொட்டகைக்குள் பெட்டிகள் பூட்டிக் கிடந்தன. வங்கிக் கணக்கில் இருந்தது ஒரு மாதத்துக்கும் காணாது. அவருக்கு அழைப்பெடுத்து நிலைமையைச் சொன்னேன். முன்பள்ளி ஆசிரியை அவர். அவருக்கும் வருமானம் நின்றிருந்தது. இருந்தும் பெருந்தன்மையாகத்தான் பேசினார், அந்தச் செய்தியையும் அனுப்பினார்.

அன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடம் போய், வருமானம் நின்றுவிட்டது, தாபரிப்புத் தொகையைக் குறைக்க வேண்டும் என்று விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். நீதிமன்றங்கள் அந்த நாட்களில் ஒழுங்காக நடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஊரடங்கு தளர்ந்த பிறகும் நான் போகவில்லை. "அவ சொன்னவதானே" என்ற ஒரே சாட்டு. எப்போதாவது இரண்டு கலியாணம் வரும், அன்றைக்கு நாற்பது பேருக்கு மேல் கூடாது என்பார்கள், நாற்பது பேருக்கு எதற்கு சவுண்ட்ஸ்?

2021இல் நண்பன் ஒருவன் வெளிநாடு போகும்போது தன் ஸ்பீக்கர் பெட்டிகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். வாடகையில் பாதி அவனுக்கு என்று பேச்சு. நான் ஆசையில் அதைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போட்டேன்: "புது வரவு". மகனின் தாய்மாமன் அதைப் பார்த்திருக்கிறார். காசில்லை என்றவர் புதுப் பெட்டி வாங்குகிறாரா என்று அவர் வீட்டில் கதை எழும்பியது. அதற்கு மேல் எனக்கும் மகனின் அம்மாவுக்கும் தொலைபேசியில் ஒரு வாய்த்தர்க்கம். இரண்டு கிழமைக்குள் நிலுவை கேட்டு நீதிமன்றத்தில் போட்டார்கள். மாதம் 7,000 குறை, பதினெட்டு மாதம், மொத்தம் 126,000 ரூபா.

அழைப்பாணை நான் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போயிருக்கிறது. நான் வீடு மாறியதை நீதிமன்றத்துக்கு அறிவிக்கவில்லை. தவணைக்குப் போகாததால் பிடியாணை. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் என் அம்மாவின் வீட்டுப் படலையில் பொலிஸ்காரர் இருவர் வந்து நின்றபோதுதான் எனக்கு வழக்கே தெரியும். அம்மா அவர்களை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறா. அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னேரமே ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். வயதானவர், எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவார்கள். வட்ஸ்அப் செய்தியைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஆறுதலாக வாசித்தார்.

"தம்பி, இது அவவின்ர நல்ல மனசுக்குச் சாட்சி. கட்டளைக்கு மாற்று இல்லை."

அவர் விளக்கியது இதுதான். தாபரிப்பு பிள்ளைக்குரியது, தாய் அதை விட்டுக்கொடுக்க முடியாது. நீதவான் இட்ட கட்டளையை நீதவான்தான் மாற்றலாம். கட்டுபவரும் கேட்கலாம், வாங்குபவரும் கேட்கலாம். நிலைமை மாறியதை நிரூபித்தால் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க பராமரிப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் நான் கேட்காத மாதங்கள் கேட்காத மாதங்கள்தான். அந்த மாதங்களுக்கு 12,000 வீதம் கடன் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. கட்டத் தவறினால், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை போடச் சட்டத்தில் இடமுண்டு. பதினெட்டு மாதம். நான் மனதுக்குள் கணக்குப் பார்த்ததை அவர் கண்டுகொண்டார்போல. "பயப்பிடாதையும், ஒழிச்சுத் திரியிறவனுக்குத்தான் அது" என்றார்.

மறுநாள் நகர்த்தல் பத்திரம் போட்டு, அதாவது வழக்கை எடுக்கும்படி மன்றை எழுத்தில் கேட்டு, நானாகவே மன்றில் முன்னிலையானேன். பிடியாணையை மீளப்பெற்றார்கள். அன்றைக்கு 30,000 கட்டினேன், மீதி 96,000ஐயும் மாதம் 8,000 வீதம் ஒரு வருடத்தில் கட்டச் சொன்னார்கள். அதோடு வழமையான 12,000. கையில் காசில்லாத காலத்தில் மாதம் இருபதாயிரம். அம்மாவின் ஒரு சோடிக் காப்பு அடகுக்குப் போனது.

அந்த நாளில் நான் விட்ட இன்னொரு முட்டாள்தனமும் இருக்கிறது. நீதவான் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டதும், சேர் கையைப் பிடித்து இழுப்பதற்குள் வாய் திறந்துவிட்டேன்: "மூன்று மாதமாகப் பிள்ளையைக் காட்டவில்லை, பிறகு எப்படிக் காசு கட்டுறது?" நீதவான் கோபப்படவில்லை. பிள்ளையைப் பார்ப்பதற்கான கட்டளை எங்கே இருக்கிறது என்று கேட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் என்றேன். அங்கே போய்ச் சொல்லுங்கள், பிள்ளை சாப்பிடுவதற்கும் நீங்கள் பிள்ளையைப் பார்ப்பதற்கும் தொடர்பில்லை என்றார். முழு மன்றும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊரில் பல ஆண்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். பிள்ளையைக் காட்டவில்லை என்று காசை நிறுத்துவது, காசு வரவில்லை என்று அவர்கள் பிள்ளையை நிறுத்துவது. இரண்டு பக்கமும் தங்கள் கையில் ஒரு ஆயுதம் இருப்பதாக நினைக்கிறது. மன்றில் போய் நின்றால் இரண்டுமே குற்றம்.

சரி, குறைக்கக் கேட்ட கதைக்கு வருகிறேன். 2021 டிசம்பரில் விண்ணப்பம் போட்டோம். மாதச் சம்பளக்காரனுக்கு சம்பளச் சிட்டை இருக்கும். என்னைப் போன்றவர்கள் வருமானத்தை எப்படிக் காட்டுவது? சேர் கேட்டது பில் புத்தகம். நல்லகாலம், அடிக்கட்டைகளை நான் எறியவில்லை. 2019இல் 61 நிகழ்ச்சி, 2020இல் 9. வங்கிக் கூற்று, ஜெனரேட்டருக்கு எடுத்த லீசிங் கடிதம், கொட்டகை வாடகைத் துண்டு, விதானையாரின் (கிராம சேவகரின்) கடிதம் எல்லாம் சேர்த்து ஒரு கோப்பு. நண்பனின் பெட்டிகள் என்னுடையவை இல்லை என்பதற்கு அவனிடமிருந்து ஒரு சத்தியக் கடதாசி. ஒரு பேஸ்புக் படத்துக்கு நான் கொடுத்த விலை அது.

விண்ணப்பத்துக்காக நான் எழுதிக் கொண்டுபோனது பதினொரு பக்கம். மாமி என்ன சொன்னவ, 2015 தீபாவளிக்கு என்ன நடந்தது, சீதனக் காணி யாருடைய பெயரில். சேர் பேனையை எடுத்து ஒன்பது பக்கத்தை வெட்டினார். "கட்டளை வந்த நாளுக்குப் பிறகு என்ன மாறினது? அதை மட்டும் சொல்லும். முந்தியது முடிஞ்ச வழக்கு." கட்டளையை மாற்றக் கேட்பவர் யாராக இருந்தாலும் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டிய கேள்வி இது. விவாகரத்தில் யார் பிழை என்று மறுபடி கேட்க எந்த நீதிபதிக்கும் நேரமில்லை.

தவணை மேல் தவணை போனது. அந்த இடைவெளியில் 2022 வந்துவிட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஜெனரேட்டர் வைத்திருந்த என்னிடம் வாடகைக்குக் கேட்பவர்கள் கூடினார்கள், ஆனால் டீசல் இல்லை. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம் என்று செய்தியில் சொன்னார்கள். வருடக் கடைசியில் கலியாணங்கள் தள்ளுமுள்ளாகத் திரும்பி வந்தன, இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் ஒரே முகூர்த்தத்தைப் பிடித்தார்கள். மகனின் அம்மா தன் பக்கத்தில் தொகையைக் கூட்டக் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். நான் குறைக்கக் கேட்டது, அவர் கூட்டக் கேட்டது, இரண்டும் ஒன்றாக விசாரணைக்கு வந்தன.

அன்றைக்கு அவர் ஒரு சிஆர் கொப்பி கொண்டு வந்திருந்தார். நீல மட்டை, மூலை மடிந்தது. மன்றுக்கு வெளியே வாங்கில் இருந்தபோது அவருடைய சட்டத்தரணி அதை சேரிடம் கொடுக்க, சேர் என்னிடம் தந்தார். இடப்பக்கம் திகதி, வலப்பக்கம் தொகை, பக்கத்துக்குப் பக்கம் பில் துண்டுகள் ஸ்ரேப்பிள் அடித்திருந்தன. பால்மா. பாடசாலை வன் 2,500, பிறகு 4,000, பிறகு 6,000. சப்பாத்து. கண் டாக்குத்தர். ஒரு பக்கத்தில், "பால்மா: இந்த மாதம் இல்லை" என்று எழுதி, கோடு ஏதும் கீறாமல் விட்டிருந்தார். இரண்டு பக்கம் கழித்து மறுபடி அதே வரி. என் பில் புத்தகத்தை விட அது நேர்மையாக இருந்தது.

நான் சேரைப் பார்த்து, என்னுடைய விண்ணப்பத்தை எடுத்துவிடுங்கோ என்றேன். வாங்கிலேயே பேச்சு நடந்தது. அவர்கள் 25,000 கேட்டார்கள், நான் 15,000 என்றேன், 18,000இல் நின்றது. கண் டாக்குத்தர், கண்ணாடி போன்ற வைத்தியச் செலவில் பாதி பாதி. இந்தமுறை வட்ஸ்அப் இல்லை. உள்ளே போய் நீதவான் முன்னால் சொல்லி, கோப்பில் பதிந்து, இருவரும் ஒப்பமிட்டோம். குறைக்கக் கேட்கப் போனவன் கூட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். 2020இல் கேட்டிருந்தால் குறைந்திருக்கும், எனக்கும் கடன் இருந்திருக்காது, நிலைமை சரிவந்ததும் அவர் கூட்டக் கேட்டிருப்பார். நேரத்துக்குக் கேட்காததுதான் என் பிழை.

தேத்தண்ணிக் கடையில் இந்த விஷயத்தில் எல்லோரும் அப்புக்காத்துதான், அதனால் இடையில் இரண்டொரு சொல். பெண் மறுமணம் செய்தால் பிள்ளையின் தாபரிப்பு நிற்கும் என்பார்கள். நிற்காது, அது பிள்ளையின் காசு. பதினெட்டு வயதோடு எல்லாம் முடிந்தது என்பார்கள். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை தன்னைத் தானே பார்க்க முடியாத பிள்ளையும் கேட்கலாம். தகப்பன் மட்டும்தான் கட்ட வேண்டும் என்பதும் பழைய கதை, 1889ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போனது. இப்போதுள்ள சட்டத்தில் தாய் தகப்பன் இருவருடைய வருமானத்தையும் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பிள்ளை யாருக்கு என்று ஒருவர் எனக்கு விரிவுரையே நடத்தினார். தேசவழமையை சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்ற சொத்து விஷயங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை யாரோடு வளர்வது என்பதைப் பொதுச் சட்டம்தான் பார்க்கிறது. அந்தப் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில் தகப்பனுக்கு முதலுரிமை என்பது புத்தகத்தில் இருக்கலாம், மன்றில் கேட்கும் கேள்வி பிள்ளைக்கு எது நல்லது என்பதுதான். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம், யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது. வருமானத்தைக் காட்ட ஆவணங்களோடு போங்கள், வெறுங்கையோடு போனால் இன்னொரு நாள் அலைய வேண்டும்.

அடுத்தது சனிக்கிழமை. நாலு வயதுப் பிள்ளைக்கு எழுதிய சனிக்கிழமை அது. 2023இல் அவன் தரம் 4, அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் சோதினை. யாழ்ப்பாணத்தில் புலமைப்பரிசில் என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. சனி காலை எட்டு மணிக்கு ரியூசன், பன்னிரண்டரைக்கு முடியும். அதற்குப் பிறகு புத்தகப்பையோடு என்னிடம் வருவான். சோறு தின்றதும் கொட்டகைக்குள் போய், சவுண்ட் பெட்டியில் தலையை வைத்து நித்திரை. நாலரைக்கு எழுப்பி, முகம் கழுவி, ஐந்து மணிக்குக் கொண்டுபோய் விடுவேன். மாதம் இரண்டு தரம் அவன் நித்திரை கொள்வதைப் பார்ப்பதுதான் எனக்குக் கிடைத்த உரிமை.

நேரத்தை மாற்றுவோம் என்றேன், சோதினை முடியட்டும் என்றார் அவனுடைய அம்மா. ஒரு நான்காம் சனி, கோபத்தில், அவனை இரவு வைத்துக்கொண்டு ஞாயிறு பின்னேரம்தான் விட்டேன். அவனும் நிற்கிறேன் என்றுதான் சொன்னான். அடுத்த நாள் பொலிஸின் சிறுவர் பெண்கள் பிரிவிலிருந்து அழைப்பு. சேர் அன்றைக்கு என்னை ஏசியதுபோல் யாரும் ஏசியதில்லை. "கட்டளையை மாத்த வேணும் எண்டால் கட்டளையை மதிக்கிறவனாப் போய் நில்லும். நீர் இப்ப அவையின்ர கையில ஒரு காரணத்தைக் குடுத்திட்டீர்."

மாவட்ட நீதிமன்றத்தில், பழைய விவாகரத்து வழக்கு இலக்கத்திலேயே விண்ணப்பம் போட்டோம். ரியூசன் நேர அட்டவணையை இணைத்தோம். அது ஒன்றே போதுமான சாட்சியாக இருந்தது. மன்று நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அறிக்கை கேட்டது. ஒரு புதன்கிழமை, சொல்லாமல் வந்தார், நடுத்தர வயது அம்மா ஒருவர். நான் வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருக்கவில்லை. பிள்ளை எங்கே படுப்பான், மேசை எங்கே, கழிவறைக்கு லைற் இருக்கிறதா, நீங்கள் இரவு நிகழ்ச்சிக்குப் போனால் யார் பார்ப்பது. கடைசிக் கேள்விக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. அம்மா வந்து நிற்பா என்றேன். "அவவிட்ட கேட்டனீங்களோ?" என்றார். கேட்கவில்லை. பெரும்பாலான நிகழ்ச்சிகள் சனி இரவில்தான். எனக்குத் தரச் சொல்லி நான் கேட்ட இரவில் நானே வீட்டில் இருக்க மாட்டேன். அதற்குப் பிறகுதான் மாதத்தில் இரண்டு சனிக்கு நிகழ்ச்சி எடுப்பதில்லை என்று முடிவெடுத்து, அதை எழுத்தில் மன்றுக்குக் கொடுத்தேன். வருமானத்தில் அடி விழுந்ததுதான். அந்த ஒரு வரி எனக்குச் செய்த உதவியை வேறெந்த வாதமும் செய்யவில்லை.

நீதிபதி மகனைத் தன் அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். நாங்கள் இருவரும் வெளியே, வாங்கின் இரண்டு அந்தத்தில். பத்து நிமிடம் இருக்கும். வெளியே வந்தவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நடுவில் வந்து நின்று, "பசிக்குது" என்றான். உள்ளே என்ன சொன்னான் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று சேர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவனுடைய அம்மாவும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தோம். காசு நான் கொடுத்தேன், தண்ணிப் போத்தல் அவர் பையிலிருந்து வந்தது.

புதிய கட்டளை: இரண்டாம், நான்காம் சனி பின்னேரம் இரண்டு மணி தொடக்கம் ஞாயிறு ஐந்து மணி வரை. ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறையில் பாதி நாட்கள். புலமைப்பரிசிலுக்கு முந்திய மாதம் மட்டும் இரவு தங்கல் இல்லை, அது அவர் கேட்டது, நான் ஒத்துக்கொண்டேன். கையளிக்கும் இடம் அம்மம்மா வீட்டுப் படலை. ஒருவர் வர இருபது நிமிடத்துக்கு மேல் பிந்தினால் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறது. இப்படிச் சின்னச் சின்ன விஷயத்தை எழுதுவது வீண் என்று முன்பு நினைத்தேன். எழுதாமல் விட்ட இடத்தில்தான் சண்டை வரும்.

வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒன்று. எனக்குத் தெரிந்த ஒருவரின் பிள்ளையைத் தாய் கனடாவுக்குக் கூப்பிட இருந்தார். அவர்கள் பயணத்துக்கு முதல் மன்றுக்குப் போய், எப்போது வீடியோ அழைப்பு, எந்த விடுமுறைக்கு வருவது, விமானச் செலவு யார் என்று கட்டளையை மாற்றிக்கொண்டு போனார்கள். சொல்லாமல் கொண்டுபோனால் கதை வேறு. பிள்ளைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோவது பற்றிய ஹேக் உடன்படிக்கையில் இலங்கை 2001இல் சேர்ந்தது, அதே ஆண்டில் அதற்கென்று சட்டமும் வந்தது.

மகனுக்கு இப்போது தரம் 6. போன கிழமை சனி வந்தவன் பையை வைத்ததும், இனி ஞாயிறு பின்னேரத்தில் கிரிக்கெட் பயிற்சி, மூன்று மணிக்கு என்றான். ஐந்து மணி என்று கட்டளையில் இருக்கிறது. அன்றிரவே அவனுடைய அம்மாவுக்கு எழுதினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"சேரிட்ட சொல்லி நகர்த்தல் பத்திரம் போடுங்கோ. நான் வந்து சம்மதம் சொல்லுறன். அதுவரைக்கும் ஐஞ்சு மணிதான்."